கரும்பலகை முதல் ஒளித்திரை வரை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் நுழையும்போது அவர் கையில் இருப்பதைப் பார்த்தே அது எந்தக் காலத்து வகுப்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம். சுண்ணக்கட்டியும் துடைப்பானும் இருந்த காலம் ஒன்று. சுருட்டிய வரைபடமும் பிரம்பும் இருந்த காலம் ஒன்று. இன்று கைப்பேசியும், மடிக்கணினியும், சுவரில் பெரிய ஒளித்திரையும் வந்துவிட்டன. இக்கட்டுரையில் கருவிகளின் பெருமையைப் பாடுவது என் நோக்கமன்று. அதைப் பாடுவதற்கு அவற்றை விற்பவர்கள் இருக்கிறார்கள். சென்ற பருவத் தேர்வு விடுமுறையில், ஆசிரியர் பயிற்சி மாணவியான என் அக்காவுடன் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பில், தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, சில நாட்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கண்டதையும், பிறகு எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் துணையோடு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் பலர் பட்டம் பெற்றதும் பி.எட். சேர எண்ணியிருப்பவர்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

வகுப்பறைக் கருவிகளின் வரலாறு நாம் நினைப்பதைவிடச் சுவையானது. இன்று பழமையின் சின்னமாகக் கருதப்படும் கரும்பலகையே ஒரு காலத்தில் புதுமைதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் பில்லான்ஸ் என்னும் ஆசிரியர் புவியியல் கற்பிக்கப் பெரிய கரும்பலகையையும் வண்ணச் சுண்ணத்தையும் பயன்படுத்தியதாகச் சொல்வர். அதுவரை மாணவர் கையில் சிறு சிலேட்டு இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்க ஒரு பலகை இல்லை. 1913இல் எடிசன், பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும், இனித் திரைப்படமே எல்லாவற்றையும் கற்பிக்கும் என்று அறிவித்தார். நூறாண்டுக்கு மேல் கடந்தும் நாம் புத்தகப் பையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம்.

நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் 'சைட்' என்னும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்கு ஒளிபரப்புச் சென்றது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. காலை நேரம் பள்ளிக் குழந்தைகளுக்கு. ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கப் பயிற்சி பெற்றதும் அதே வழியில்தான். அதன் பின் 2004இல் கல்விக்கென்றே 'எடுசாட்' விண்ணில் ஏறியது. 2019இல் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது.

அந்தத் தொலைக்காட்சியின் மாணவர்களில் நானும் ஒருவன். 2020இல் பெருந்தொற்றால் பள்ளி மூடிக் கிடந்தபோது எங்கள் வீட்டில் இருந்த ஒரே வகுப்பறை அதுதான். அந்த ஆசிரியர்கள் நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் வாய் திறப்பதற்குள் அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். வேறு என்ன செய்ய முடியும்? திரைக்குள் இருப்பவருக்கு நான் யோசிப்பது தெரியாதல்லவா? அந்தச் சிறு மனக்குறையின் பொருள் எனக்கு அக்காவின் வகுப்பில்தான் விளங்கியது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இரண்டு ஆண்டுகள் நூற்பாலை வேலைக்குப் போனாள். பிறகுதான் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் சேர்ந்தாள். அவள் சம்பாதித்ததில் ஒரு பகுதிதான் நான் கல்லூரிக்குள் காலடி வைக்க உதவியது. எனவே எங்கள் வீட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என் பெயரில் இருந்தாலும் அதில் அவள் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று அடிக்கடி நினைப்பேன். அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழில் செய்பவர்.

பயிற்சி நிறுவனத்தில் முதலில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய முறை இது. ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன். உடன் பயிலும் பயிற்சி மாணவர்களே பள்ளிப் பிள்ளைகளாக நடிப்பார்கள். "நடிக்கிற பிள்ளைங்க தப்பா பதில் சொல்லவே மாட்டாங்கடா தம்பி, அதுதான் அதுல குறை" என்பாள் அக்கா. உண்மையான பிள்ளைகள் முன் நிற்பது கற்பித்தல் பயிற்சிக் காலத்தில்தான். அவளுக்குக் கிடைத்த பாடம் மின்னோட்டவியல். 'தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி நடத்துக' என்பது நிபந்தனை.

மூன்று நாள் மாலை இருவரும் உழைத்தோம். பாடநூலில் அச்சிட்டிருந்த கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் படித்துக் காணொளியை இறக்கினோம். வீட்டில் சிக்னல் கிடைக்காததால் அதற்கு மொட்டை மாடி ஏற வேண்டியிருந்தது. நண்பனிடம் இரவல் வாங்கிய மடிக்கணினியில் 'ஃபெட்' என்னும் பாவனைச் செயல்களில் ஒன்றை ஓட்டினோம். இவை கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டத்தின் விளைவு, இலவசமாகக் கிடைப்பவை. மின்கலம், கம்பி, விளக்கு, சாவி எல்லாவற்றையும் திரையில் இழுத்து இணைத்தால் விளக்கு எரியும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஓடும். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டும் அந்த வித்தையில் நான் சொக்கிப்போனேன் என்றே சொல்ல வேண்டும். சுற்றை அழகாக அடுக்கியது முழுக்க என் கைவண்ணம்.

முதல் வகுப்பு வெகு சிறப்பாக நடந்தது. அதாவது, எல்லாக் கருவிகளும் வேலை செய்தன. அக்கா சாவியை மூடியதும் நீல உருண்டைகள் ஓடின, விளக்கு மஞ்சளாய் ஒளிர்ந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். "புரிஞ்சுதா?" என்றாள் அக்கா. "புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே அதிர்ந்தது. கடைசிப் பெஞ்சில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்காவுக்கு வழிகாட்டியாக இருந்த ஆசிரியை ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அதிகம் பேசாதவர். அவர் எழுந்து, தம் கைப்பையிலிருந்து ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி, இரு முனையும் சீவிய ஒரு சாண் கம்பி ஆகியவற்றை எடுத்து முன் வரிசைச் சிறுமியிடம் கொடுத்தார். "இந்த மூணை மட்டும் வெச்சு பல்பை எரிய வை பாப்போம்" என்றார்.

சிறுமி கம்பியின் ஒரு முனையை பேட்டரியின் தலையிலும் மறு முனையை பல்பின் அடியிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பல்பு எரியவில்லை. பேட்டரி தீர்ந்துபோனது என்றான் ஒருவன். கம்பியைத் திருப்பிப் பிடி என்றாள் மற்றொருத்தி. இரண்டு கம்பி வேண்டும், ஒன்றால் ஆகாது என்றது பின் வரிசை. பத்து நிமிடம் வகுப்பு முழுவதும் கைமாறிய அந்த பல்பு எரியாமலேயே மணி அடித்துவிட்டது. சற்றுமுன் 'புரிஞ்சுது' என்று முழங்கிய அதே பிள்ளைகள்!

அன்றிரவு அக்கா அந்த மூன்று பொருளையும் என் முன் வைத்தாள். "நீ எரிய வைடா" என்றாள். கிர்க்காஃப் விதிக் கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போட்டவன் நான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: என் கை தயங்கியது. பல்புக்கு இரண்டாவது முனை எது? பள்ளியிலிருந்தே பல்பை ஒரு வட்டமாகவும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியாகவும் வரைந்து வந்தவனுக்கு அதன் இழையின் இன்னொரு கால் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கத் தோன்றியதே இல்லை. ஒரு கால் அடியிலுள்ள ஈயப் பொட்டில் சேர்கிறது. மறுகால் பக்கவாட்டு உலோக உறையில் சேர்கிறது. இரண்டுக்கும் இடையே மின்கடத்தாப் பொருள் இருக்கிறது. எனவே பல்பின் அடியை பேட்டரியின் தலைமேல் வைத்து, பேட்டரியின் அடியிலிருந்து கம்பியைக் கொண்டுவந்து பல்பின் பக்கவாட்டில் தொட வேண்டும். நான்காவது முயற்சியில் மங்கலாக எரிந்தது. அக்கா சிரிக்கவில்லை. "உனக்கே இப்படின்னா, நான் காட்டின படத்துல அந்தப் பிள்ளைங்க எதைத்தான் பாத்திருக்கும்?" என்றாள்.

இந்தக் கேள்வியைத்தான் விடுமுறையின் எஞ்சிய நாட்களில் நான் துரத்திக்கொண்டு போனேன். முதலில் கிடைத்தது ஒரு ஆறுதல். 1997இல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தார் ஒரு ஆவணப்படம் எடுத்தனர். அதில் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் மாணவர்களிடம் இதே பல்பு, பேட்டரி, கம்பியைக் கொடுக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர்களும் திணறுகிறார்கள். ஆக, நான் தனியாள் இல்லை.

அடுத்துக் கிடைத்தது ஆறுதலைவிடப் பெரியது. நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் என்பவர் 1980களின் தொடக்கத்தில் சிறுவர்களிடம் பேசிப் பார்த்து, மின்சுற்றைப் பற்றி அவர்கள் மனத்தில் ஏற்கெனவே சில படங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். ஒரு கம்பி வழியே மின்சாரம் பல்புக்குப் போனால் போதும், திரும்ப வேண்டியதில்லை என்பது ஒரு படம். பேட்டரியின் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் கிளம்பி வந்து பல்புக்குள் மோதிக்கொண்டு ஒளிர்கிறது என்பது இன்னொன்று. மின்சாரம் சுற்றி வருகிறது, ஆனால் பல்பு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடுவதால் திரும்பும்போது குறைந்துவிடுகிறது என்பது மூன்றாவது. சுற்றெங்கும் மின்னோட்டம் ஒரே அளவு என்னும் சரியான கருத்து நான்காவதாகத்தான் வருகிறது. அதைச் சொன்ன சிறுவர்கள் குறைவு. பிள்ளையின் மனம் எழுதாத சிலேட்டு என்று நாம் நினைத்துக்கொண்டு போகிறோம். அங்கே ஏற்கெனவே படம் வரைந்திருக்கிறது. நம் திரைப்படம் அந்தப் படத்தின் மேல் ஓடி முடிந்துவிடுகிறது. அடியிலுள்ளது அப்படியே இருக்கிறது.

அப்படியானால் காட்டுவதால் பயனே இல்லையா? இதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் குழுவினர் சோதித்து 2004இல் வெளியிட்டனர். விரிவுரையில் செய்துகாட்டும் சோதனைகளைச் சில மாணவர்கள் வெறுமனே பார்த்தார்கள். சிலர், என்ன நடக்கும் என்று முதலில் தாமே ஊகித்து எழுதிவிட்டுப் பார்த்தார்கள். சிலர் பார்க்கவே இல்லை. பிறகு கேட்டபோது, வெறுமனே பார்த்தவர்களின் புரிதல் பார்க்காதவர்களின் புரிதலைவிட அதிகமாக இல்லை. முன்பே ஊகித்தவர்கள்தாம் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தனர். ஊகிப்பதற்கு ஆனதோ ஓரிரு நிமிடங்கள்! இதைப் படித்தபோது நம் துறையில் எத்தனை செய்துகாட்டல்களை நான் 'வெறுமனே' பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். குறை ஆசிரியர்களுடையது என்று சொல்ல வரவில்லை. கேட்காமலே பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

திரைக்கு எதிராக மட்டும் பேசுவது நேர்மையாகாது. 2005இல் வெளிவந்த கொலராடோ ஆய்வு ஒன்று நேர் எதிரானது போலத் தோன்றும். அங்கே ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான பல்பு, கம்பிகளோடும், இன்னொரு பிரிவினர் ஃபெட் பாவனைச் செயலோடும் ஆய்வகப் பயிற்சி செய்தனர். பிறகு உண்மையான சுற்றைக் கட்டி விளக்கச் சொன்னபோது, திரையில் பழகியவர்களே மேலாகச் செய்தனர். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. உண்மைக் கம்பியில் எலக்ட்ரான் தெரிவதில்லை. தளர்ந்த இணைப்பும் கம்பியின் நிறமும் கவனத்தைச் சிதறடிக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாணவர்கள் திரையைத் தம் கையால் இயக்கினார்கள். தாமே இணைத்தார்கள், தாமே பிழைவிட்டார்கள், தாமே திருத்தினார்கள். எங்கள் ஏழாம் வகுப்பிலோ இணைத்தவன் நான், சாவியை மூடியவள் அக்கா. பிள்ளைகளுக்கு மிஞ்சியது கைதட்டும் வேலை.

அக்கா பாடக்குறிப்பைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். முதல் குறிப்பில் 'காட்டுக' என்ற சொல் பதினோரு இடத்தில் இருந்தது, நான்தான் எண்ணினேன். புதிய குறிப்பில் சிவப்பு மையால் மூன்று இடங்களில் 'நிறுத்துக' என்று எழுதினாள். அந்தப் பள்ளியின் படவீழ்த்தி ரிமோட்டில் நாங்கள் அதுவரை தொடாத ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் திரை இருண்டுவிடும். மடிக்கணினியில் படம் மட்டும் அப்படியே காத்திருக்கும். அதைப் பழகுவதற்கு அவள் செலவிட்ட நேரம் மற்ற எல்லாப் பொத்தான்களுக்கும் செலவிட்டதைவிட அதிகம். விளக்கு எரியும் இடத்தில் நிறுத்துவது எளிது என்று நினைத்தோம். ஒரு நொடி தாமதித்தாலும் விடை தெரிந்துவிடுகிறது; முன்பே நிறுத்தினாலோ கேள்வி என்னவென்றே விளங்குவதில்லை. வீட்டுச் சுவரில் வேட்டியைக் கட்டி, என்னை மாணவனாக உட்காரவைத்து, இரண்டு இரவு ஒத்திகை பார்த்தாள்.

அப்பா தம் பங்குக்கு ஒரு சுருள் கம்பியும், ஏழு துண்டாக வெட்டிச் சீவிக் கொடுத்த உழைப்பும், ஒரு எச்சரிக்கையும் தந்தார். "வீட்டு பிளக்குல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் பாடத்தை எடு." அதுவே அன்றைய வகுப்பின் முதல் வாக்கியம் ஆயிற்று.

இரண்டாம் வகுப்பு நடந்த அன்று பயிற்சி நிறுவனத்திலிருந்து மதிப்பிட ஒரு விரிவுரையாளர் வந்திருந்தார். அக்கா திரையைத் திறக்கவே இல்லை. ஏழு குழுக்களுக்கும் பல்பும் பேட்டரியும் கம்பியும் கொடுத்து, முதலில் எப்படி வைத்தால் எரியும் என்று நோட்டில் வரையச் சொன்னாள். வரைந்த பிறகே செய்ய அனுமதி. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் கம்பி பல்பின் அடியில்தான் தொட்டுக்கொண்டிருந்தது. செய்து பார்த்தார்கள், எரியவில்லை, சலசலப்பு எழுந்தது. முன்பு கம்பியோடு காத்திருந்த அதே சிறுமியின் குழுவில்தான் முதல் பல்பு எரிந்தது. அடுத்த நிமிடத்துக்குள் அது வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. எரிந்த பல்பைக் கண்ணருகே வைத்து அதன் இழையின் இரு கால்களையும் பார்க்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் திரை ஒளிர்ந்தது.

திரையில் ஒரு சுற்று. பல்புக்கு முன் ஒரு அம்மீட்டர், பல்புக்குப் பின் ஒரு அம்மீட்டர். சாவி திறந்திருக்கிறது. இங்கே முதல் 'நிறுத்துக'. திரை இருண்டது. "பின்னால இருக்கிற மீட்டர்ல அதே அளவு காட்டுமா, குறையுமா, கூடுமா? கை தூக்குங்க." நாலைந்து பேர் தவிர எல்லோரும் 'குறையும்' என்றார்கள். ஏன் என்றாள். ஒரு பெண் எழுந்து, "கரும்பு மிஷின்ல கரும்பு உள்ள போகும் டீச்சர், சாறு அங்கயே நின்னுடும், சக்கைதானே வெளிய வரும்" என்றாள். நியூசிலாந்தில் கண்ட அந்த மூன்றாவது படம் எங்கள் ஊர்க் கரும்பாலை வேடத்தில் எழுந்து நின்றது! அக்கா அதைத் தவறு என்று சொல்லவில்லை, கரும்பலகையில் எழுதிவைத்தாள்.

திரை மீண்டும் ஒளிர்ந்தது. சாவி மூடியது. இரு மீட்டரிலும் ஒரே எண்.

ஒரு கணம் அமைதி. பின்பு, "கம்ப்யூட்டர் தப்பா காட்டுது டீச்சர்!" என்றான் ஒருவன். வகுப்பில் பாதி அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. எனக்கு இது பெருவியப்பாக இருந்தது. முதல் வகுப்பில் திரை காட்டியதையெல்லாம் ஏற்றுக்கொண்டு கைதட்டிய பிள்ளைகள், தங்கள் ஊகத்தைப் பந்தயம் கட்டிய பிறகு அதே திரையைச் சந்தேகிக்கிறார்கள். அக்கா அப்பாவின் மல்டிமீட்டரை எடுத்தாள். பல்புக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இணைத்து, எண்ணை அந்தச் சந்தேகப் பேர்வழியையே படிக்கச் சொன்னாள். இரண்டு முறை படித்தான். முள் நகரும் பழைய மீட்டர் அது. முள் அதே கோட்டில்தான் நின்றது.

"அப்ப சாறு எங்க போச்சு டீச்சர்?" என்றாள் கரும்பு சொன்ன பெண். இதைவிட நல்ல கேள்வி எங்கள் பாடநூலிலும் இல்லை. அக்கா சைக்கிள் சங்கிலியைச் சொன்னாள். பெடலை மிதித்தால் பின்சக்கரம் சுற்றுகிறது. சங்கிலிக் கண்ணி ஒன்றுகூடச் சக்கரத்தில் தங்குவதில்லை. போன கண்ணி அத்தனையும் திரும்பி வருகிறது. ஆனாலும் கால் கொடுத்த ஆற்றல் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. எலக்ட்ரான் சங்கிலிக் கண்ணி. பல்பில் வெளிப்படுவது ஆற்றல். இந்த உவமைக்கு இன்னொரு பயனும் உண்டு. திரையில் நீல உருண்டைகள் விரைந்தோடுவதைப் பார்க்கும் பிள்ளை, சாவியிலிருந்து ஓடிப்போய்த்தான் அவை விளக்கை ஏற்றுகின்றன என்று எண்ணிவிடும். உண்மையில் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் நகர்வு ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாணைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. மிதித்தவுடன் சங்கிலி முழுவதும் ஒருசேர அசைவது போல, சுற்றெங்கும் அவை ஒருசேர நகரத் தொடங்குவதால்தான் விளக்கு உடனே எரிகிறது.

சைக்கிள் என்ற சொல் வந்ததுதான் தாமதம், பின் வரிசையில் அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் எழுந்தான். "எங்க தாத்தா சைக்கிள் டைனமோவுல ஒரே ஒயர்தான் டீச்சர் லைட்டுக்குப் போகுது. திரும்ப வர்றதுக்கு ஒயரே இல்லை. ஆனா லைட் எரியுது."

அக்கா நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் என் நோட்டைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கும் விடை வரவில்லை என்பதை இங்கே எழுதிவைப்பதே முறை. மின்சுற்று மூடியிருந்தால்தான் மின்னோட்டம் என்று முக்கால் மணி நேரமாகக் கட்டியதெல்லாம் ஒரு பழைய சைக்கிளால் ஆட்டங்கண்டது. திரையில் எத்தனையோ கருவிகள் இருந்தன. அவற்றுள் சைக்கிள் இல்லை. "எனக்கு இப்பத் தெரியலை. நாளைக்கு அந்த சைக்கிளைக் கொண்டு வருவியா? எல்லாரும் சேர்ந்து பாத்துடலாம்" என்றாள் அக்கா. மணி அடித்தது.

மதிப்பீட்டுத் தாளில் 'தொழில்நுட்பப் பயன்பாடு' என்னும் கட்டத்தில் அவளுக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. வகுப்பின் பெரும்பகுதி திரை அணைந்திருந்தது, பாடக்குறிப்பில் எழுதிய தொடரிணைப்பும் பக்க இணைப்பும் நடத்தப்படவில்லை, மாணவன் வினாவுக்கு விடை தரவில்லை என்பவை குறிப்புகள். மூன்றும் உண்மை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த தாளில் கருவியைப் பயன்படுத்தினாரா என்று கேட்கும் கட்டம் இருந்தது. நிறுத்தத் தெரிந்ததா என்று கேட்கும் கட்டம் இல்லை. பாடம் முடியவில்லை என்பதும் சிறிய குறையன்று. இப்படியே ஒவ்வொரு பாடத்தையும் நடத்தினால் ஆண்டிறுதிக்குள் புத்தகம் முடியுமா என்பது எனக்கும் விடை தெரியாத வினாதான். வழிகாட்டி ஆசிரியை மட்டும் போகும்போது அக்காவிடம், "டார்ச் பல்பு எந்தக் கடையில வாங்கினே? இப்பல்லாம் கிடைக்கிறதே இல்லை" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்றிரவு அக்கா அப்பாவிடம் டைனமோவைப் பற்றிக் கேட்டாள். அப்பா சோற்றுத் தட்டிலிருந்து நிமிராமலே பதில் சொன்னார். "எர்த்து பாடியில வருது. டிராக்டர்ல பேட்டரி ஒயரை எங்க முடுக்கியிருக்கான்? பாடியிலதானே? அதே கதைதான். சைக்கிள் இரும்புதான் உன் ரெண்டாவது ஒயரு."

"அது மேல பெயிண்ட் இருக்கேப்பா? பெயிண்ட்ல கரண்ட் போகாதே?" என்றேன் நான், கல்லூரிக்காரன் என்ற முறையில்.

"அதுக்குத்தான் டைனமோ கிளாம்புல ஒரு கூர் ஸ்க்ரூ வெச்சிருப்பான். முடுக்கினா பெயிண்ட்டைக் கிழிச்சுக்கிட்டு இரும்புல எறங்கும். போய்ப் பாரு."

அப்பாவுக்கு இது ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் தெரியும். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டைனமோவில் எழுவது மாறுதிசை மின்னோட்டம் என்பதையும், திசை மாறினாலும் சுற்று மூடியிருக்க வேண்டும் என்ற விதி மாறுவதில்லை என்பதையும் நான் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதை வகுப்பறை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். அக்கா விடையைச் சொல்லவில்லை. மல்டிமீட்டரை அவன் கையில் கொடுத்து, "ரெண்டாவது ஒயர் எங்க ஒளிஞ்சிருக்குன்னு நீயே கண்டுபிடி" என்றாள். ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, மூன்று பேர் விளக்கைக் கவனிக்க, அவன் மீட்டரின் ஒரு முனையை டைனமோ உடலில் வைத்து மறு முனையால் சைக்கிளெங்கும் தொட்டுக்கொண்டே போனான். பெயிண்ட் இருந்த இடமெல்லாம் முள் அசையவில்லை. துருவேறிய ஒரு கீறலில் லேசாகத் துடித்தது. பிறகு அவன் தரையில் மண்டியிட்டு, டைனமோவைச் சட்டத்தோடு பிணைத்திருந்த பட்டையின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினான்.

"டீச்சர், இங்க ஏதோ கூரா குத்துது" என்றான்.